ரசமட்டம் பேசாது: கண் தெரியாதவர் மட்டம் பார்க்க எதை வாங்கலாம், எதை நாமே செய்துகொள்ளலாம்?

காவேரிப்பட்டணத்தில் இருக்கும் என் மச்சான் மகன் போன மாதம் போன் பண்ணி, "மாமா, கையில ஐயாயிரம் ரூபா இருக்கு, எந்த லெவல் வாங்கட்டும்?" என்று கேட்டான். அவனுக்குப் பிறந்ததிலிருந்தே பார்வை கிடையாது. அப்பா கொத்தனார். இவன் மர வேலை பழகி, இப்போது ஸ்டூல், அலமாரி, ஆட்டுக் கொட்டகைக்குச் சட்டம் என்று தனியாகவே செய்கிறான், அப்பாவோடு கட்டட வேலைக்கும் போகிறான். எனக்கு அப்படி இல்லை. முப்பத்தைந்து வயது வரை பார்வை இருந்தது, பாலக்கோட்டில் ஆசாரி வேலைதான், அப்புறம் விழித்திரை நோய் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு போய்விட்டது. ரசமட்டத்தின் குமிழியை நான் கடைசியாகப் பார்த்துப் பதினாலு வருடம் இருக்கும். போனில் அரை மணி நேரம் பேசியும் முடியவில்லை, அதனால் எழுதியே விடுகிறேன். இதே கேள்வி வேறு யாருக்காவது இருந்தால் அவர்களுக்கும் உதவட்டும்.

முதலில் ஒன்று. ரசமட்டத்தில் கண்ணுக்கென்று இருப்பது அந்தக் குமிழி மட்டும்தான். மட்டத்தைத் தீர்மானிப்பது பூமியின் இழுப்பு. நூலில் குண்டு நேராகத் தொங்குவதும், தொட்டியில் தண்ணீர் சமமாக நிற்பதும், கோலி பள்ளத்துப் பக்கம் ஓடுவதும் அதே இழுப்புதான். அந்தச் சேதியைக் கண்ணுக்குப் பதிலாகக் கைக்கோ காதுக்கோ கொண்டுவர வேண்டும், நம் பாடு அவ்வளவுதான். அதனால் எந்தச் சாமானைக் காட்டினாலும் நான் மூன்று கேள்வி கேட்பேன். எந்தப் பக்கம் தாழ்வு என்று சொல்லுமா? எத்தனை நூல் (இஞ்சில் எட்டில் ஒரு பங்கு) தாழ்வு என்று சொல்லுமா? அது சொல்வது பொய்யா நிஜமா என்று இன்னொருத்தரைக் கூப்பிடாமல் நானே சோதிக்க முடியுமா? கடைசிக் கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால், ஓசியில் கொடுத்தாலும் வேண்டாம்.

எல்லோரும் முதலில் கையில் எடுப்பது போனைத்தான். அவனும் அதைத்தான் முதலில் எடுத்திருக்கிறான். ஐபோனில் மெஷர் ஆப்பிலேயே லெவல் இருக்கிறது, திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் வாய்ஸ்ஓவரைப் போட்டிருந்தால் டிகிரியை வாய்விட்டுப் படிக்கும். ஆண்ட்ராய்டில் லெவல் ஆப் நிறையக் கிடைக்கும், ஆனால் அங்கே திரையைப் படிக்கிற டாக்பேக்கோடு ஒத்துப்போவது சிலதுதான், மற்றதெல்லாம் குமிழிப் படத்தை வரைந்து காட்டிவிட்டு நம்மிடம் "பெயரில்லாத பட்டன்" என்று சொல்லி நிற்கும். சரி, படிக்கிற ஆப்பே கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். ஐபோன் முழு டிகிரியைத்தான் சொல்லும். ஒரு டிகிரி என்றால் சின்னது போலத் தோன்றும், கணக்குப் போட்டால்தான் வயிற்றைக் கலக்கும்: நாலடி நீளத்துக்கு ஒரு டிகிரி 21 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட ஏழு நூல், ஒரு இஞ்சுக்கு ஒரு நூல் குறைவு. முழு எண்ணாக்கித்தான் சொல்கிறது என்பதால் அரை டிகிரி வரை சாய்ந்திருந்தாலும் "சைபர்" என்றுதான் வரும். அதாவது நாலடி அலமாரித் தட்டில் மூணு நூல் இறக்கம் இருக்கும், போன் மட்டம் என்று சொல்லும், கண் தெரிந்த வீட்டுக்காரம்மா வந்து ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். அந்த அவமானம் எனக்குத் தெரியும்.

பத்தில் ஒரு டிகிரி வரை படிக்கிற ஆப் இருந்தால் நிலைமை கொஞ்சம் தேவலை, நாலடிக்கு 2 மில்லிமீட்டர் அளவுக்கு வரும். ஆனாலும் போனின் விளிம்பில் சத்தம் கூட்டும் பட்டன் துருத்திக்கொண்டிருக்கிறது, பின்னால் கேமரா புடைத்துக்கொண்டிருக்கிறது, மேலே ரப்பர் கவர் வேறு. நேரான பட்டை மேல் வைத்துத்தான் பார்க்க வேண்டும், போனைத் தனியாக மரத்தில் வைத்துப் பார்க்கக் கூடாது. கட்டில் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, கூரை ஓட்டுக்குச் சட்டம் சுமாராக எத்தனை டிகிரி நிற்கிறது, இதற்கெல்லாம் போன் போதும். அதற்கு மேல் அதை நம்பாதே என்றேன்.

அடுத்தது டிஜிட்டல் மட்டம். இதில்தான் பையன் காசைப் போடப் பார்த்தான், அதில் தப்பும் இல்லை. நல்ல கம்பெனி டிஜிட்டல் மட்டங்களில் 0-க்கும் 90-க்கும் வரும்போது பீப் சத்தம் வரும்படி வைத்திருக்கிறார்கள், தலைக்கு மேலே பீம் மாட்டும்போது கண் தெரிந்தவர்களுக்கும் திரை தெரியாது என்பதற்காக. துல்லியம் 0.05 டிகிரி என்று போட்டிருப்பதைத் தேடி எடுத்தால் நாலடிக்கு 1 மில்லிமீட்டர், நம் வேலைக்குத் தாராளம். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பீப் வந்தால் மட்டம். வராவிட்டால்? இடது பக்கம் தாழ்வா, வலது பக்கம் தாழ்வா, ரொம்பவா, கொஞ்சமா, இல்லை பேட்டரியே தீர்ந்துவிட்டதா, எல்லாவற்றுக்கும் ஒரே மௌனம்தான். எந்தப் பக்கம் தூக்க வேண்டும் என்பதற்குத் திரையில் அம்புக்குறி காட்டுகிறார்கள், அது நமக்கு ஆகாது. திரையைப் போன் கேமராவில் படிக்கவைக்கலாம் என்பார்கள். சீயிங் ஏஐ மாதிரி ஆப் புத்தகத்தை நன்றாகப் படிக்கும், ஆனால் கால்குலேட்டரில் வருகிற மாதிரிக் கோடு கோடான எண்ணைப் பார்த்தால் தடுமாறுகிறது, 8-ஐ 0 என்று படித்தால் நம் கதி என்ன?

இதற்கு ஒரு கை வித்தை உண்டு. மட்டத்தை வைத்துவிட்டு இடது நுனியை விரல் நகத்தால் மெல்லத் தூக்க வேண்டும். தூக்கும்போது வழியில் ஒரு இடத்தில் பீப் வந்தால் இடது பக்கம் தாழ்வு. வரவில்லை என்றால் வலது நுனியைத் தூக்க வேண்டும். எந்தப் பக்கம் என்பது இப்படித் தெரிந்துவிடும், எவ்வளவு என்பதற்குத் தாளைச் செருகி எண்ணலாம். சாதாரண ஜெராக்ஸ் தாள் ஒன்று 0.1 மில்லிமீட்டர் கனம், பத்துத் தாள் 1 மில்லிமீட்டர். இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

ஒரு எச்சரிக்கை. பெட்டியில் ஆடியோ என்று போட்டிருக்கிறது என்று நம்பி ஆன்லைனில் ஒரு தடவை வாங்கினேன். சின்னக் காந்தப் பெட்டி, ரம்பத்தின் பிளேடில் ஒட்டவைக்கிற வகை. பட்டனை அமுக்கினால் மட்டும் ஒரு 'டிக்', மட்டத்துக்கு வந்தால் ஒன்றும் இல்லை. விற்றவர் "அதுதான் சார் ஆடியோ" என்றார். ஆகவே கடையில் பெட்டியைப் பிரித்து, பேட்டரி போட்டு, உங்கள் காதால் மட்டத்துக்கு வரும் சத்தத்தைக் கேட்காமல் காசு கொடுக்காதீர்கள். இன்னொன்று, சரிசெய்யும் முறையையும் கேளுங்கள். எத்தனை தடவை பட்டனை அமுக்கி எப்போது திருப்பி வைக்க வேண்டும் என்பதைத் திரையில் மட்டுமே சொல்கிற மாடல் என்றால், அது கீழே விழுந்த அன்றைக்கு இன்னொருத்தர் வாசலில் போய் நிற்க வேண்டியிருக்கும்.

இப்போது தூக்குக்குண்டு. பையன் இதைக் கேட்டதும் "அது அப்பாகிட்ட இருக்கே மாமா, அது எப்படி நமக்கு?" என்றான். சிரிப்புதான் வந்தது. கொத்தனார் தூக்குக்குண்டு மாதிரி கண் தேவையில்லாத கருவி வேறு எதுவும் கிடையாது, அதைக் கண்ணால் பார்த்துப் பார்த்தே எல்லோரும் பழகிவிட்டார்கள். குண்டோடு ஒரு சின்னக் கட்டை வருமே, நடுவில் நூல் போகிற ஓட்டையோடு, அந்தக் கட்டையின் அகலமும் குண்டின் விட்டமும் ஒன்று. கட்டையைச் சுவரின் உச்சியில் ஒட்டிப் பிடித்துக் குண்டைத் தொங்கவிட்டால், சுவர் நேராக இருந்தால் குண்டு சுவரை முத்தமிட்டபடி நிற்கும். கண்ணுள்ளவர் குனிந்து இடைவெளியைப் பார்ப்பார். நான் குண்டை ஆடாமல் நிறுத்திவிட்டு இரண்டு விரலால் லேசாகத் திருகிவிடுவேன். சுவரைத் தொடாத குண்டு சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். சுவரில் அழுந்தி நிற்கிற குண்டு 'சர்ர்' என்று உரசி உடனே நின்றுவிடும். சரியாகத் தொட்டும் தொடாமலும் இருந்தால் சுற்றும், ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை மெல்லிசாக ஒரு கீறல் கேட்கும். அந்தக் கீறலைக் கேட்டுவிட்டால் அன்றைக்கு எனக்குச் சோறு நன்றாக இறங்கும்.

அளவும் இதிலேயே வந்துவிடும். குண்டு சுவரைத் தொடாமல் சுற்றினால் கீழே சுவர் உள்வாங்கியிருக்கிறது, குண்டுக்கும் சுவருக்கும் நடுவே தாள் செருகி எண்ணலாம். அழுந்தி நின்றால் கீழே சுவர் தள்ளிக்கொண்டிருக்கிறது, அப்போது மேலே கட்டைக்கும் சுவருக்கும் நடுவே தாளோ அட்டையோ வைத்துக்கொண்டே போக வேண்டும், குண்டு விடுபட்டுச் சுற்றத் தொடங்கும் வரை. வைத்த கனம்தான் சாய்மானம். எந்தப் பக்கம், எவ்வளவு, இரண்டும் கையிலேயே கிடைக்கிறது. சோதிப்பதும் சுலபம், குண்டையும் கட்டையையும் ஒரு மட்டப்பலகையில் ஒட்டி வைத்து இரண்டும் ஒரே அளவா என்று விரலால் தடவினால் போதும். வாசக்கால் நிறுத்த, தூண் நிறுத்த, அலமாரிப் பக்கப் பலகை நேராக்க எனக்கு இன்றைக்கும் இதுதான். குறை காற்று. ஆடி மாதம் நம் பக்கம் அடிக்கிற காற்றில் வெளிச்சுவர் பார்க்கவே முடியாது, குண்டை வாளித் தண்ணீரில் அமிழ்த்தி ஆட்டத்தை அடக்கலாம்தான், ஆனால் அப்புறம் திருகிக் கேட்கிற வேலை நடக்காது, நூலைத்தான் விரலால் அளக்க வேண்டும், நூலைத் தொட்டாலே அது நகரும். காற்று நின்ற பிறகு வந்து பார்ப்பதே மேல்.

கோலி வைத்துப் பார்ப்பதைப் பற்றியும் கேட்டான். தரையில் கோலியை வைத்தால் பள்ளத்துக்கு ஓடும் என்பது குழந்தைக்கும் தெரியும், ஆனால் தரையின் ஒவ்வொரு மேடு பள்ளமும் கோலியை ஏமாற்றும். அதற்குப் பதில் அலுமினியச் சேனல் துண்டு ஒன்றில் சைக்கிள் கடை இரும்பு பால்ஸ் ஒன்றைப் போட்டு, இரண்டு முனையையும் அடைத்துவிட்டால், சாய்ந்த பக்கத்துக்கு ஓடி 'டிக்' என்று முட்டும். பக்கம் தெரிகிறது, நொடியில் தெரிகிறது, செலவு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு துளி மரத்தூள் விழுந்தால் பால்ஸ் அங்கேயே நின்றுகொண்டு மட்டம் என்று சாதிக்கும், அதுதான் தொல்லை. மரப்பட்டறையில் தூளுக்குப் பஞ்சமா?

சரி, நான் தினமும் வைத்திருக்கிற கருவிக்கு வருகிறேன். வெளிநாட்டில் பார்வையில்லாத தச்சர்கள் கிளிக் ரூல் என்று ஒரு அளவுகோல் வைத்திருப்பார்கள். குழாய்க்குள் மரை போட்ட தண்டு, இழுக்க இழுக்க ஒரு இஞ்சில் பதினாறில் ஒரு பங்குக்கு ஒரு 'கிளிக்', அரை இஞ்சுக்கு ஒரு வெட்டு, எல்லாம் எண்ணியே அளந்துவிடலாம். அது நம் ஊர்க் கடையில் கிடைக்காது. ஆனால் அதிலிருந்து எனக்குப் பிடித்தது, மரையே அளவுகோல் என்கிற சூட்சுமம். எம்6 போல்ட் ஒரு சுற்றுக்குச் சரியாக 1 மில்லிமீட்டர் நகரும். கால் சுற்றுக்குக் கால் மில்லிமீட்டர். எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும்.

ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல் நீளத்தில் ஒரு அலுமினியப் பட்டை, பூச்சு வேலைக்குக் கொத்தனார்கள் வைத்திருப்பார்களே, அந்த மாதிரி. ஒரு முனையின் அடியில் 10 மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு கட்டை. மறு முனையில் எம்6 போல்ட், மேலிருந்து திருகினால் அடியில் நீளும்படி நட்டு ஒட்டி வைத்தது. கட்டையின் நடுவிலிருந்து போல்ட் நுனி வரை சரியாக ஒரு மீட்டர் இருக்கிற மாதிரி இடம் பார்த்துக்கொள்ள வேண்டும். போல்ட்டின் தலையில் ஒரு சின்னக் காது பற்றவைத்திருக்கிறேன், எத்தனை சுற்று என்று விரல் தவறாமல் எண்ண அதுதான் உதவும். நடுவில் பீப் போடும் மட்டம் உட்கார்ந்திருக்கும், முன்பெல்லாம் பால்ஸ் போட்ட சேனல் இருந்தது. போல்ட்டை முழுக்க உள்ளே இழுத்துவிட்டு, அங்கிருந்து பத்துச் சுற்று வெளியே விட்டால் கட்டையும் போல்ட்டும் ஒரே உயரம். வேலை செய்யும் இடத்தில் வைத்துவிட்டு, பீப் வரும் வரை திருகுவேன். பன்னிரண்டில் வந்தால் போல்ட் பக்கம் 2 மில்லிமீட்டர் தாழ்வு. ஏழரையில் வந்தால் இரண்டரை மில்லிமீட்டர் உயரம். பக்கமும் தெரிகிறது, அளவும் தெரிகிறது, திரையை எவனும் படித்துச் சொல்ல வேண்டியதில்லை.

பொய் சொல்கிறதா என்று பார்க்கவும் இதைப் போல எதுவும் இல்லை. பட்டையை அதே இடத்தில் முனை மாற்றி வைத்து மறுபடி திருக வேண்டும், இதை மட்டும் யாரும் சோம்பல்படக் கூடாது. முதலில் பதிமூன்று, திருப்பி வைத்தால் ஒன்பது என்று வந்தால், இரண்டையும் கூட்டிப் பாதி பதினொன்று. அப்படியென்றால் கருவியின் நிஜமான சைபர் பத்தில் இல்லை, பதினொன்றில் இருக்கிறது, தரையின் சாய்மானம் 2 மில்லிமீட்டர். கருவி கோணலாக இருந்தாலும் கணக்கு நேராக வந்துவிடும். மரக்கட்டை மழைக்காலத்தில் ஊதினாலும் கவலை இல்லை.

வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சாய்மானம், வைக்க இதுதான் எனக்குத் தெரிந்து ஒரே வழி. பாத்ரூம் தரைக்கு அடிக்கு ஒரு நூல் வாட்டம் வேண்டும் என்று மேஸ்திரி சொன்னால், மீட்டருக்குப் பத்தரை மில்லிமீட்டர். போல்ட்டைச் சைபரிலிருந்து பத்தரைச் சுற்று கூடுதலாக வெளியே விட்டு, போல்ட் முனையைத் தண்ணீர் போகும் பக்கம் வைத்து, பீப் வரும்படி கலவையை இழுத்துவிட்டால் வாட்டம் சரி. ஐபோனுக்கு அடிக்கு ஒரு நூலும் ஒன்றரை நூலும் ஒன்றுதான், இரண்டுக்கும் "ஒன்று" என்றே சொல்லும். கடைசியில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிக் கையை வைத்து ஓட்டம் எந்தப் பக்கம் என்று பார்ப்பது இருக்கவே இருக்கிறது, அதை எப்போதும் விட்டுவிடாதீர்கள்.

அறைக்கு அறை மட்டம் கொண்டுபோவது வேறு விஷயம், அதற்கு ஒரு மீட்டர் பட்டை ஆகாது. தண்ணீர் நிரப்பிய டியூப் மட்டம்தான். கண் தெரிந்தவர்கள் இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் நிற்கும் கோட்டைப் பார்ப்பார்கள். நாம் ஒரு முனையை நிரம்பிய வாளிக்குள் விட்டு வாளியை அசையாத இடத்தில் வைத்துவிட வேண்டும். வாளி அகலமானது, டியூப் ஒல்லி, மறு முனையில் கொஞ்சம் தண்ணீர் ஏறினாலும் இறங்கினாலும் வாளியின் மட்டம் மாறியதாகவே தெரியாது. மறு முனைக்கு என்ன செய்வது என்றுதான் ரொம்ப நாள் குழம்பினேன். விடை மொட்டை மாடியில் இருந்தது. தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் கத்துகிற அலாரம் வீட்டுக்கு வீடு இருக்கிறதே, இரண்டு கம்பியும் தண்ணீரில் நனைந்தால் சத்தம் போடும். அந்த இரண்டு கம்பியை டியூபின் வாய்க்குள் ஒரு குறிப்பிட்ட ஆழத்தில் ஒட்டி வைத்தேன். டியூபைச் சுவரோரம் மேலிருந்து மெல்ல இறக்கினால், தண்ணீர் கம்பியைத் தொட்ட கணத்தில் அலாரம் அடிக்கும், அங்கே ஆணி. அடுத்த மூலைக்குப் போய் அதே மாதிரி. அமெரிக்காவில் ஜிர்கான் கம்பெனி இதே சூட்சுமத்தில் பீப் அடிக்கும் வாட்டர் லெவல் விற்றிருக்கிறது என்று பிறகு தெரிந்தது, நான் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை.

எப்போதும் மேலிருந்து இறக்கித்தான் பார்க்க வேண்டும். கீழிருந்து ஏற்றினால் நனைந்த கம்பி இரண்டுக்கும் நடுவே ஒட்டியிருக்கும் தண்ணீர் கொஞ்ச நேரம் கத்திக்கொண்டே இருக்கும். எல்லா மூலைக்கும் அந்த ஒரே முனையைத்தான் கொண்டுபோக வேண்டும், அப்போது கம்பி எந்த ஆழத்தில் இருந்தாலும் தப்பு எல்லா இடத்திலும் ஒரே அளவாக வந்து கழிந்துபோகும். டியூபுக்குள் காற்றுக் குமிழி இருந்தால் எல்லாம் போச்சு, கண்ணுள்ளவர் குமிழியைப் பார்த்துவிடுவார், நாம் வாளியைவிடத் தாழ்வாக முனையைப் பிடித்து ரெண்டு மூணு சொம்பு தண்ணீரை வெளியே ஓடவிட்டு, களுக் களுக் சத்தம் இல்லாமல் ஒரே சீராக வருகிறதா என்று கேட்க வேண்டும். தண்ணீரைப் பொறுத்தவரை இந்த ஒரு வேலைக்கு நம் ஊர் போர்த் தண்ணீர்தான் அருமை. குடித்தால் பல்லைக் கறையாக்கும் ஃபுளோரைடுத் தண்ணீர், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான், ஆனால் உப்பு இருப்பதால் கம்பிக்குக் கம்பி மின்சாரம் நன்றாகப் பாய்கிறது. இப்படியாவது உபயோகப்படட்டும்.

லேசர் வேண்டாமா என்றால், வேண்டும், காசிருந்தால். சுவரில் சிவப்புக் கோடு போடுகிற லேசர் நமக்கு எதற்கு என்று நினைக்க வேண்டாம். வெயிலில் அந்தக் கோடு கண் தெரிந்தவர்களுக்கும் தெரியாது. அதனால் ரிசீவர் என்று ஒன்று தனியாக வைத்திருக்கிறார்கள். கோட்டுக்கு மேலே இருந்தால் ஒரு மாதிரி பீப், கீழே இருந்தால் வேறு மாதிரி, சரியாகக் கோட்டில் நின்றால் விடாமல் நீளமாக ஒரு சத்தம். நடுப்பகலில் கண் தெரிந்தவரும் நானும் ஒரே சத்தத்தைக் கேட்டுத்தான் குறி வைக்கிறோம். பக்கம் சொல்கிறது, அறைக்கு அறை போகிறது, துணைக்கு ஆள் வேண்டியதில்லை. ஆனால் ரிசீவரோடு நல்லதாகப் போனால் ஐயாயிரம் முன்பணத்துக்குத்தான் ஆகும், மலிவு லேசர்களில் பல ரிசீவருக்கு ஒத்துவரவே செய்யாது. சென்ட்ரிங், டைல்ஸ் என்று மொத்தமாகக் கான்ட்ராக்ட் எடுக்கிறவர்கள் வாங்கலாம். ஸ்டூல் செய்கிறவனுக்கு எதற்கு? ஓசூரில் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற பையன்கள் யாராவது தெரிந்தால், சாய்வுக்கு ஏற்ப சத்தம் ஏறி இறங்குகிற மாதிரி சின்ன சென்சார் போர்டு வைத்துச் செய்து தருவார்கள், எனக்கும் ஒன்று செய்து தந்தார்கள். வேலை செய்கிற அன்றைக்கு அற்புதம், ஒயர் விட்டுப்போன அன்றைக்கு அனாதை.

ஸ்டூல் என்றதும் ஞாபகம் வருகிறது. பாதி வேலைக்கு மட்டமே தேவையில்லை, ஆடாமல் நின்றால் போதும். அதற்கு கிருஷ்ணகிரி, பர்கூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு அதிர்ஷ்டம், பாலிஷ் போட்ட கிரானைட் துண்டு எங்கும் கிடைக்கும். வெட்டிய மிச்சத்தில் ரெண்டடிக்கு ரெண்டடி ஒன்றை எடுத்து வந்து மணல் மேல் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்டூலை அதன் மேல் வைத்து எதிரெதிர் மூலையை மாற்றி மாற்றி அமுக்கினால், எந்தக் கால் 'டக்' என்று தட்டுகிறதோ அதுவும் அதற்கு எதிர் மூலையில் இருப்பதும்தான் குட்டை, மற்ற இரண்டும் நீளம். தட்டுகிற காலின் அடியில் ஆட்டம் நிற்கும் வரை தாளைச் செருகி எண்ணுங்கள். ஏழு தாள் என்றால் 0.7 மில்லிமீட்டர், மற்ற மூன்று காலையும் அந்த அளவுக்கு இழைக்க வேண்டும் என்று பதறாதீர்கள், அந்த நீளமான இரண்டு காலில் ஒன்றை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துத் தேய்த்துக் கல் மேல் வைத்துப் பார்த்தால் தீர்ந்தது.

ஆக, அவனுடைய ஐயாயிரத்துக்கு நான் போட்ட கணக்கு இது. தூக்குக்குண்டு அப்பாவிடம் வாங்கிக்கொள், செலவில்லை. பீப் சத்தம் உள்ள டிஜிட்டல் மட்டம், 40 சென்டிமீட்டரே போதும், நீளத்துக்குக் காசு கொடுக்காதே, நீளத்தைப் பட்டை பார்த்துக்கொள்ளும். பணத்தில் பெரும்பகுதி அதற்கே போகட்டும், துல்லியம் 0.05 இருக்கிறதா என்று கேட்டு வாங்கு. மிச்சத்தில் அலுமினியப் பட்டை, எம்6 போல்ட், நட்டு, ஒரு தொட்டி அலாரம், பத்து மீட்டர் டியூப். போனில் ஆப் ஏற்கெனவே இருக்கிறது, இருக்கட்டும். லேசரை இரண்டு வருடம் கழித்துப் பேசலாம்.

அவனுக்கு ஒரே ஒரு மனக்குறை, இவ்வளவும் நாமே ஒட்டுப்போட வேண்டுமா, கண் தெரியாதவர்களுக்கென்றே தயாராக ஒன்று கடையில் கிடைக்காதா என்று. கிடைத்தால் சொல் தம்பி, நானும் வாங்குகிறேன் என்றேன்.

நேற்று சாயங்காலம் கூப்பிட்டான். பட்டை தயார். சமையலறை மேடைக்கு அடியில் அலமாரிச் சட்டம் வைத்துக்கொண்டிருக்கிறானாம். போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்துவிட்டுத் திருகினான், கர் கர் என்று மரை சத்தம், நடுவில் அவன் அப்பா ஏதோ கேட்கிறார், இவன் "இருங்கப்பா" என்கிறான், அப்புறம் பீப்.

"பதினொன்றரை மாமா. போல்ட் பக்கம் ஒன்றரை இறக்கம்."

"திருப்பி வெச்சுப் பார்த்தியா?"

"இல்ல."

"வெச்சுட்டுக் கூப்பிடு."